பீரோவுக்குள் இரண்டு சிவப்பு எழுத்துகள்

எங்கள் வீட்டு இரும்பு பீரோவின் இடப்பக்கக் கதவைத் திறந்தால், உட்புறம் இரண்டு ஸ்டிக்கர்கள் ஒட்டியிருக்கும். வெள்ளைப் பரப்பில் சிவப்பாக எல் என்ற ஆங்கில எழுத்து. வண்டி பழகுகிறவர்கள் முன்னால் ஒன்று, பின்னால் ஒன்று என்று ஒட்டிக்கொள்ள வேண்டியது. அவற்றில் ஒன்றின் ஓரம் சுருண்டிருக்கிறது. அந்தச் சுருளில் எங்கள் ஸ்கூட்டரின் நீலப் பெயின்ட் நகக்கண் அளவுக்குப் பெயர்ந்து வந்திருக்கிறது. ஓர் ஆயுதபூஜை அன்று நான்தான் அவற்றை வண்டியிலிருந்து உரித்தேன். பசை காய்ந்துவிடக் கூடாதே என்று பீரோ கதவில் ஒட்டிவைத்தேன். ஒரு நாளைக்கு மட்டும் என்றுதான் நினைத்தேன். ஐந்து வருஷம் ஆகப்போகிறது.

அந்தக் கதவைத் திறக்கும்போதெல்லாம் என் நாத்தனார் நினைவுக்கு வருகிறார். என் வீட்டுக்காரரின் அக்கா. நான் அண்ணி என்று கூப்பிடுவேன், என் மகளுக்கு அத்தை. அடுத்த தெருவில் குடியிருந்தார். ஊர் அங்கன்வாடியில் அவர்தான் டீச்சர். உத்திரமேரூர் பக்கத்தில் பெண்கள் மொபெட் ஓட்டினாலே திரும்பிப் பார்த்த காலத்தில் அவர் கியர் பைக் ஓட்டி லைசன்ஸ் எடுத்தவர். புடவைத் தலைப்பை இடுப்பில் செருகிக்கொண்டு, முட்டை அட்டைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு, ஒரு முட்டைகூட உடையாமல் மையத்துக்குக் கொண்டுவந்து சேர்ப்பார். ஊரில் அவரை யாரும் தவறாகப் பேசி நான் கேட்டதில்லை, அந்த விஜயதசமி வரைக்கும்.

என் வீட்டுக்காரருக்கு ஒரகடம் பக்கம் கம்பெனியில் ஷிஃப்ட் வேலை. வாரத்தில் பாதி நாள் அவர் தூங்குகிற நேரத்தில் வீட்டில் யாராவது எங்கேயாவது போக வேண்டியிருக்கும். அதனால் என் பெயரிலேயே ஒரு ஸ்கூட்டர் வாங்கினோம். எல்.எல்.ஆர். என்கிற பழகுநர் உரிமம் எடுத்தேன். கியர் இல்லாத மோட்டார் சைக்கிள் என்று அதில் போட்டிருந்தது. இ-சேவை மையத்தில் அதை அச்சடித்துக் கொடுத்த பெண், ஸ்டிக்கர்களையும் எடுத்து நீட்டினாள். "முன்ன ஒண்ணு, பின்ன ஒண்ணு ஒட்டிக்கோங்கக்கா. லைசன்ஸ் இருக்கிறவங்க யாராச்சும் பின்னால குந்தணும். இல்லன்னா இது வெறும் பேப்பருதான்" என்றாள். நான் பட்டப்படிப்பு படித்தவள். கொடுத்த தாளில் இருந்த நிபந்தனைகளை வீட்டுக்கு வந்து இரண்டு முறை வாசித்தேன். எல்லாம் புரிந்தது. புரிந்துதான் இருந்தது என்பதை இங்கே எழுதிவைக்க வேண்டும்.

பின்னால் உட்கார வேண்டிய லைசன்ஸ்காரர் அண்ணிதான். சொல்லித்தரவெல்லாம் மாட்டார். பின்னால் உட்கார்ந்துகொண்டு, யார் வீட்டுக் குழந்தைக்கு எடை ஏறவில்லை என்று போனில் பேசிக்கொண்டே வருவார். நான் பிரேக் பிடித்தால் மட்டும் பேச்சை நிறுத்தி, "மெதுவா பிடி, நானும் கீறேன் இல்ல" என்பார். பிறகு பேச்சைத் தொடர்வார். அந்த அலட்சியம்தான் எனக்குத் தைரியம் கொடுத்தது. என்னை நம்புகிறார் என்று அதை எடுத்துக்கொண்டேன்.

ஆயுதபூஜைக்கு வண்டியைக் கழுவினேன். சந்தனம் குங்குமம் வைக்க வேண்டிய இடம் முன்பக்கத்தின் நடு. அங்கேதான் அந்தச் சிவப்பு எழுத்து இருந்தது. சாமிக்குப் படைக்கிற வண்டி, 'ஓட்டத் தெரியாதவள் வண்டி' என்று நெற்றியில் எழுதிக்கொண்டு நிற்பது எனக்கு ஒரு மாதிரி இருந்தது. உரித்தேன். முன்னால் எடுத்த பிறகு பின்னால் மட்டும் எதற்கு என்று அதையும் உரித்தேன். பட்டையாகச் சந்தனம் பூசி, நடுவில் குங்குமம் வைத்து, மாலை போட்டோம். எலுமிச்சம்பழத்தை நசுக்கி, பூஜை முடிந்ததும் வண்டியை அப்படியே விட்டுவிட்டோம்.

மறுநாள் விஜயதசமி. மூன்றரை வயது மகளை உத்திரமேரூரில் பள்ளிக்கூடத்தில் சேர்ப்பதாக ஏற்பாடு. நல்ல நேரம் ஒன்பதுக்குள் முடிகிறது. நான் பச்சைப் பட்டு கட்டிக்கொண்டு வெளியே வந்தேன். ஸ்டிக்கரை ஒட்ட வேண்டும் என்றால் சந்தனத்தைத் துடைக்க வேண்டும். பூஜை போட்ட சந்தனத்தை விஜயதசமி காலையில் ஈரத்துணியால் துடைப்பதா? நானும் கூட வரக் கிளம்பியிருந்த அண்ணியும் வண்டி முன்னால் நின்றோம். "கெடக்கட்டும் வா, சாயந்தரம் ஒட்டிக்கலாம்" என்று அண்ணி சொன்னதாக எனக்கு நினைவு. அப்படி நினைத்துக்கொள்வது எனக்கு வசதி என்பதால், அந்த நினைவை நான் முழுக்க நம்புவதில்லை. நானே சொல்லியிருக்கலாம். அண்ணி பின்னால் ஏறிக்கொண்டார், மகள் எனக்கு முன்னால் நின்றுகொண்டாள். எல்.எல்.ஆரில் ஓட்டுகிறவர் அந்த லைசன்ஸ்காரரைத் தவிர வேறு ஆளை ஏற்றக் கூடாது என்பதும் அந்தத் தாளில் இருந்ததுதான்.

சாலையில் பாதிக்கு நெல் காயவைத்திருந்தார்கள். வண்டிகள் ஏறாமல் இருக்க ஓரத்தில் கற்களை வைத்திருந்தார்கள். எதிரில் டவுன் பஸ் வந்தது. நான் கல்லில் ஏறிவிடக் கூடாது என்று கல்லையே பார்த்துக்கொண்டு ஓட்டினேன். நெல்லுக்கு அப்பால் தலையில் புல்லுக்கட்டோடு ஓர் அம்மாள் நடந்துகொண்டிருந்தார். பஸ்ஸுக்கு வழிவிட நான் நெல்லுக்குள் இறங்கினேன். சக்கரம் வழுக்கியது. கைப்பிடி அவர் மேல் பட்டு, நாங்கள் எல்லாரும் விழுந்தோம். மகள் நெல்லின் மேல் விழுந்ததால் ஒரு சிராய்ப்புகூட இல்லை. அந்த அம்மாளுக்கு வலது மணிக்கட்டு உடைந்துவிட்டது. கூலிக்கு நடவு நடப் போகிறவர். புல்லுக்கட்டு முகத்தை மறைத்திருந்ததால் எங்களை அவர் பார்க்கவே இல்லை. எழுந்து உட்கார்ந்ததும் அவர் கேட்ட முதல் கேள்வி, "கொழந்தைக்கு ஒண்ணும் ஆவலியே?"

ஆஸ்பத்திரிக்கு ஏட்டு வந்தார். வண்டியை ஏற்கெனவே பார்த்துவிட்டு வந்திருந்தார். யார் ஓட்டியது என்று கேட்டார். நான் மகளை மடியில் வைத்துக்கொண்டு பெஞ்சில் இருந்தேன். வாயைத் திறக்கத்தான் போனேன் என்று இன்றுவரை எனக்கு நானே சொல்லிக்கொள்கிறேன்.

அண்ணி எழுந்து நின்றார். "நான்தான் சார் ஓட்டிக்கினு வந்தேன். இவ கொழந்தைய வச்சிக்கினு பின்னால குந்திக்கினு இருந்தா." பையிலிருந்து லைசன்ஸை எடுத்து நீட்டினார்.

அப்போது என் மகள் தெளிவாகச் சொன்னாள். "அம்மா ஓட்டுச்சு."

ஏட்டு அவளைப் பார்த்தார். அண்ணி ஒரு நொடிகூடத் தடுமாறவில்லை. "அவளுக்கு எல்லாமே அவங்கம்மாதான் சார். நேத்து டவுன் பஸ்ஸையும் அம்மாதான் ஓட்டுச்சுன்னா." ஏட்டு சிரித்துவிட்டு எழுதத் தொடங்கினார். தன் வீட்டிலும் ஒன்று இப்படித்தான் இருக்கிறது என்றார். நான் குனிந்து மகளின் தலையில் ஒட்டியிருந்த நெல்மணிகளை ஒவ்வொன்றாக எடுத்துக்கொண்டிருந்தேன்.

வெளியே வந்ததும் ஏன் அப்படிச் சொன்னீர்கள் என்று கேட்டேன். அண்ணிக்கு எரிச்சல். "எல் போர்டும் இல்ல, முன்னால கொழந்த வேற. ஒன் பேர எழுதினா லைசன்ஸ் இல்லாத கேஸுன்னுவான். இன்சூரன்ஸ்காரன் கைய விரிச்சிருவான். அந்தம்மாவுக்கும் ஒண்ணும் கெடைக்காது. நான் லைசன்ஸ்காரி, அபராதம் கட்டினா தீர்ந்துச்சு. இதுல இன்னா கீது?" என்றார். அவர் சொன்னது சட்டப்படி எவ்வளவு சரி என்று எனக்குத் தெரியவில்லை. ஆனால் ஒன்று மட்டும் பிறகு புரிந்தது. அந்த ஸ்டிக்கர்கள் வண்டியில் இருந்திருந்தால் பழகுகிறவள் ஒருத்தி ஓட்டிய வண்டி என்று பார்த்தவுடன் தெரிந்திருக்கும். அண்ணியால் அந்தப் பொய்யை அவ்வளவு எளிதில் சொல்லியிருக்க முடியாது. நானும் அதற்குள் போய் மாட்டியிருக்க மாட்டேன்.

என் வீட்டுக்காரர் அன்று சாயங்காலம் ஒன்றே ஒன்றுதான் சொன்னார். "பாப்பா வாய அடக்கு. இல்லன்னா எங்கக்கா பொய் சொன்னதா ஆயிடும், அவ வேலைக்கே வேட்டு." உண்மையைச் சொன்னால் என்னைக் காப்பாற்றியவரை நானே மாட்டிவிடுவேன். சொல்லாவிட்டால் என் பழியில் அவர் நிற்பார். இரண்டுக்கும் நடுவில் எனக்கு வேலை என்று மிஞ்சியது குழந்தை மட்டும்தான்.

சோறு ஊட்டும்போது தொடங்கினேன். வண்டி யாரு ஓட்டுனாங்க? அம்மா. இல்ல, அத்தை. சொல்லு, அத்தை. ஒரு வாய். யாரு? அம்மா. வாயருகே கொண்டுபோன கையை நிறுத்திவிடுவேன். அவள் என் கையையும் என் முகத்தையும் மாறி மாறிப் பார்ப்பாள். மூன்றாம் நாள் நான் கேட்காமலே "அத்தை" என்று சொல்லிவிட்டு வாயைத் திறந்தாள். அவளுக்கு நான் சொல்லிக்கொடுத்த எந்தப் பாட்டையும் அவள் அவ்வளவு சீக்கிரம் கற்றுக்கொண்டதில்லை.

உத்திரமேரூர் கோர்ட்டுக்கு அண்ணி போன அன்று நானும் போனேன். வெளியே வேப்பமரத்தடியில் நின்றேன். உள்ளே போய்ச் சொல்லிவிடலாம் என்று படியருகே வரை போய்த் திரும்பினேன். எத்தனை முறை என்று எண்ணவில்லை. அண்ணி குற்றத்தை ஒப்புக்கொண்டு அபராதம் கட்டிவிட்டு வெளியே வந்தார். "முடிஞ்சிச்சு. ஒரு டீ குடிக்கலாம் வா, தல வலிக்குது" என்றார். டீக்கும் அவரே காசு கொடுத்தார்.

ஆனால் முடியவில்லை. மணிக்கட்டு உடைந்த அம்மாளுக்குக் கை கூடிவந்தது. நாற்றைப் பிடிக்கிற வேகம் மட்டும் வரவில்லை. அவர் தன் பேரனை அங்கன்வாடியிலிருந்து நிறுத்திவிட்டார். அவரைப் பார்த்து இன்னும் இரண்டு வீட்டில் நிறுத்தினார்கள். தண்ணீர்க் குழாயடியில் ஒருத்தி, "டீச்சர், புள்ளைங்களுக்கு வண்டிய மட்டும் சொல்லிக்குடுத்துறாதீங்க" என்று கேலி செய்தாள். அண்ணியும் சேர்ந்து சிரித்தார். அதற்கு அடுத்த வாரத்திலிருந்து அவர் மையத்துக்கு நடந்துபோக ஆரம்பித்தார். முட்டை அட்டைகளை ஆட்டோவில் அனுப்பினார். ரேஷன் கடை வரிசையில் அந்த அம்மாள் என்னிடம் நன்றாகத்தான் பேசுவார். "நீ இன்னா பண்ணுவ, பின்னால குந்திக்கினு வந்தவ" என்பார். நான் பையின் காதைப் பிடித்துக்கொண்டு நிற்பேன்.

போன வருஷம் அண்ணி மாற்றல் கேட்டு வாங்கிக்கொண்டு காவாந்தண்டலம் பக்கம் போய்விட்டார். பஸ்ஸில்தான் போய்வருகிறார் என்று கேள்வி. கிளம்புகிற அன்று என் மகளைக் கூப்பிட்டு, ஸ்டேண்ட் போட்டு நின்ற பழைய பைக்கில் ஏற்றி உட்காரவைத்து ஒரு போட்டோ எடுக்கப் பார்த்தார். அவள் வரவில்லை. "அத்தை தள்ளிருவாங்க" என்று என் பின்னால் ஒளிந்துகொண்டாள். அண்ணி என்னைப் பார்க்கவில்லை. போனைக் கைப்பைக்குள் போட்டுக்கொண்டு, "புத்திசாலி, எங்க வூட்டுப் பொண்ணு" என்றார்.

நான் அந்த எல்.எல்.ஆரை வைத்து டெஸ்டுக்குப் போகவே இல்லை. அது காலாவதியாகிவிட்டது. இந்த மாதம்தான் புதிதாக ஒன்று எடுத்தேன். மகளின் பள்ளிக்கூட நேரத்துக்குப் பஸ் இல்லை, வேறு வழியில்லை. நேற்று அந்தத் தாளை வைக்கப் பீரோவைத் திறந்தபோது மகள் பக்கத்தில் நின்றாள். கதவில் இருந்த எழுத்துகளைத் தொட்டுப் பார்த்தாள்.

"அத்தை வண்டி கத்துக்கினப்ப ஒட்டினதாம்மா?"

"இல்ல. என்னோடது" என்றேன். நிறுத்தினால் இனி சொல்ல மாட்டேன் என்று தெரிந்தது. "அன்னிக்கு வண்டிய ஓட்டினதும் அம்மாதான்."

அவள் சிரித்தாள். நான் ஏதோ விளையாடுகிறேன் என்று நினைத்துவிட்டாள். "பொய் சொல்லாத. அத்தைதான். எனக்கு நல்லா ஞாபகம் கீது. நான் திரும்பிப் பாத்தேன். அத்தை பச்சைப் புடவை கட்டிக்கினு ஓட்டிக்கினு வந்தாங்க."

நான் கீழ்த்தட்டில் குனிந்து என்னுடைய அந்தப் பச்சைப் பட்டுப் புடவையை எடுத்தேன். வெளியே எடுத்தே பல நாளாயிற்று. கொசுவத்தின் அடியில், அன்று விழுந்தபோது வண்டியில் மாட்டிக் கிழிந்த இடத்தில் நான் கையால் போட்ட தையல் இருந்தது. அதை அவள் கையில் கொடுத்தேன். அவள் புடவையைப் பார்த்தாள், தையலைப் பார்த்தாள், கதவைப் பார்த்தாள். பிறகு மெதுவாகக் கேட்டாள்.

"அத்தைக்குத் தெரியுமா?"

"தெரியும்."

அவள் புடவையை மடித்து, எங்கே இருந்ததோ அங்கேயே வைத்தாள். சுருண்டிருந்த ஸ்டிக்கரின் ஓரத்தை விரலால் அழுத்தி ஒட்டப் பார்த்தாள். அது ஒட்டவில்லை. என்னிடம் வேறு எதுவும் கேட்காமல் கதவைச் சாத்தினாள்.