மாதாவுக்கு ஒன்பது தொட்டி

மன்னார்புரத்தில் எங்கள் வீட்டு மாடியில் குடியிருக்கும் லூர்துராணி டீச்சருக்கு, யார் என்ன சொன்னாலும் காதில் ஏறாது. போன வருஷம் கணவர் சகாயநாதனுக்கு பைபாஸ் நடந்தபோது, அவர் பிழைத்து வந்தால் அடுத்த செப்டம்பர் தேருக்குத் தன் கையால் வளர்த்த நீலப் பூ சாத்துவதாக மாதாவிடம் நேர்ந்துகொண்டார். மனுஷர் வந்துவிட்டார். டீச்சரும் ஸ்ரீரங்கத்து நர்சரிக்குப் போய் ஒன்பது தொட்டி விஷ்ணுகிராந்தி வாங்கி வந்தார்.

"மாதாவுக்கு விஷ்ணுகிராந்தியா, டீச்சர்?" என்று வாயைக் கொடுத்தேன்.

"பேரு யாரோ வச்சதுங்க. நிறம் மாதாவோடது."

வெயிலில் செடி வாடுமே என்று பச்சை வலை கட்டினார். ஒரு மொட்டுகூட வரவில்லை. "வெயில்தாங்க அதுக்குச் சோறு!" என்று நர்சரிக்காரர் போனில் கத்திய பிறகுதான் அவிழ்த்தார். மொட்டைமாடி தினமும் காலையில் நீலமாகப் பூத்தது. டீச்சர் அதைப் பார்த்துவிட்டு ஸ்கூலுக்கு ஓடுவார். மாலையில் மேலே ஏற மாட்டார். துணி எடுக்கப் போகும் நான், மத்தியானமே பூவெல்லாம் மூடிவிடுகிறது என்று சொன்னேன். பொறாமை என்றார்!

சகாயநாதனைக் கேட்டால் தெரிந்திருக்கும் என்கிறீர்களா? நன்றாக நடக்கலாம், படி ஏறலாம் என்று டாக்டரே சொல்லிவிட்டார். டீச்சர் அவரை மொட்டைமாடிக்கு ஏறவோ, ஒரு குடம் தூக்கவோ விட்டால்தானே!

திருவிழா அன்று மாலை நாலு மணிக்குக் கூடையோடு ஏறினார். ஒரு பூ திறந்திருக்க வேண்டுமே! அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டார்.

"வாக்குத் தவறிட்டேனே... இவருக்கு ஏதாவது ஆயிட்டா?"

கேலி செய்யத் தயாராக வந்த நான், காலிக் கூடையை வாங்கி ஓரமாக வைத்தேன். தேர் சம்பங்கியோடு போனது.

மறுநாள் காலை மாடியில் ஒரே அலறல். தொட்டிகளையும் காணோம், கணவரையும் காணோம். நானும் டீச்சரும் ஆட்டோ பிடித்துக் கோவிலுக்கு ஓடினோம். வளாகத்திலேயே நின்றிருந்த தேரைச் சுற்றி ஒன்பது தொட்டிகள், வெயிலில் நீலமாக விரிந்திருந்தன. சகாயநாதன் படியில் உட்கார்ந்து துண்டால் முகம் துடைத்துக்கொண்டிருந்தார்.

"ஒம்பதையும் நீங்களா இறக்கினீங்க? அறிவிருக்கா உங்களுக்கு?"

"ஒவ்வொண்ணா இறக்கி லோடு ஆட்டோவில ஏத்தினேன், ராணி. மூச்சுகூட வாங்கலை."

டீச்சர் தேரையும் பார்க்கவில்லை, பூவையும் பார்க்கவில்லை. அத்தனை பேர் முன்னால் கணவர் நெஞ்சில் கையை வைத்துக்கொண்டு அப்படியே நின்றார்.