சித்தியின் நடத்தை

நடத்தையியலார். போன வாரம் என் மகள் பாடப் புத்தகத்தை மடியில் வைத்துக்கொண்டு இந்தச் சொல்லை வாய்விட்டுப் படித்தாள். ஒரு வாய் டீக்கும் அடுத்த வரிக்கும் நடுவில், ஒன்றுமே இல்லாதது போல அதைத் தாண்டிப் போனாள். எனக்கோ உடம்பெல்லாம் பற்றிக்கொண்டு வந்தது. இந்த ஒரு சொல்லுக்காக எங்கள் வீட்டில் ஒருத்தியை என்ன பாடு படுத்தினார்கள்!

குன்னூருக்குக் கீழே ஓர் எஸ்டேட். அம்மாவின் அப்பாவான அப்பிச்சிக்கு அங்கே ஃபேக்டரியில் வேலை. எல்லோரும் அவருடைய குவார்ட்டர்ஸில்தான் இருந்தோம். அம்மாவின் தங்கை, என் சித்தி, கோயமுத்தூரில் உளவியல் படித்துவிட்டு விடுமுறைக்கு வந்திருந்தாள். படித்த கல்லூரியிலேயே மேற்படிப்புக்கும் இடம் கிடைத்திருந்தது. எதைக் கண்டாலும் நின்று பார்ப்பாள். மேகம் இறங்கித் தேயிலையை மூடினால் அதையும் நின்று பார்ப்பாள், ஏதோ அது மட்டும் அவளிடம் ஒன்றை மறைப்பது போல.

முக்கு பேக்கரியில் வர்க்கி பிஸ்கட் தட்டை அடுப்பிலிருந்து இழுக்கும் சத்தம் கேட்டால் போதும். வாசலில் படுத்திருக்கும் செவலை நாய் எச்சில் ஒழுக எழுந்து நிற்கும். வர்க்கி கண்ணில் படவே வேண்டாம்.

"பாத்தியா கண்ணு," என்றாள் சித்தி. "அது மனசுக்குள்ள என்ன நினைக்குதுன்னு நமக்குத் தெரியாது. தட்டுச் சத்தம் கேட்டுச்சு, எச்சில் ஒழுகுச்சு. கண்ணுக்குத் தெரியற நடத்தையை மட்டும் பாக்கோணும். அப்படிப் பாக்கறவங்கதான் நடத்தையியலார். நானும் அந்தக் கட்சிதான்."

கட்சி என்றால் கொடி எங்கே என்று கேட்டேன். சாலையிலேயே நின்று சிரித்தாள்.

அந்த வாரமே மேட்டுப்பாளையத்திலிருந்து பெண் பார்க்க வந்தார்கள். மாப்பிள்ளையின் பெரியப்பா மடியில், வழியில் பர்லியாரில் வாங்கிய மங்குஸ்தான் பழக் கூடை. என் கண் முழுக்க அதில்.

"ஏனுங்கம்மணி, என்ன படிச்சிருக்கறீங்க?" என்றார் அவர்.

"உளவியலுங்க. நான் நடத்தையியலார் பக்கமுங்க."

"நடத்தை... ங்களா?"

"ஆமாங்க. மனசுல என்ன இருக்குதுங்கற பேச்சே இல்லீங்க. நடத்தைதான் எல்லாமே."

"ஆம்பளைங்க நடத்தையுமுங்களா?"

"எல்லாரோடதுமுங்க. கிட்ட இருந்து பாக்கோணுமுங்க."

பெரியப்பா காப்பி டம்ளரைக் கீழே வைத்தார். பிறகு எழுந்தார். கூடையும் அவரோடு எழுந்தது. கொண்டுவந்த பழத்தைத் திருப்பி எடுத்துப் போகிற மனிதரை நான் அதற்கு முன்னும் பார்த்ததில்லை, பின்னும் பார்த்ததில்லை.

பொழுது சாய்வதற்குள் தொழிலாளர்களின் லைன் வீடுகள் வரைக்கும் சேதி போய்விட்டது. "பொண்ணு அது வாயாலயே சொல்லிப்போட்டுதாமா, நடத்தை சரியில்லைன்னு!"

பள்ளிக்கூடத்தை விட்டுப் போகும் எல்லாப் பயல்களின் சான்றிதழிலும் 'நடத்தை: நன்று' என்று எழுதித் தருகிறார்கள். நாளை குடித்துவிட்டு வந்து பெண்டாட்டியை அடிக்கப் போகிறவனுக்கும் நன்று. அகராதியைப் பிரித்தால், நடந்துகொள்ளும் விதம், அவ்வளவுதான் பொருள். ஆணென்றும் பெண்ணென்றும் அதற்குக் கிடையாது. புழக்கத்துக்கு வந்ததும் அதே சொல் ஒரு பெண்ணின் பெயருக்காகக் காத்திருக்கிறது. பெயர் கிடைத்துவிட்டால் கடித்துக் குதறிவிட்டுத்தான் அடங்குகிறது.

"படிச்சதெல்லாம் போதும். காலேஜும் வேண்டாம், ஒண்ணும் வேண்டாம்," என்றார் அப்பிச்சி.

"அப்பா, அது பாடத்துல வர்ற வார்த்தைங்கப்பா. உங்களுக்கே சொல்லியிருக்கறேன்."

"எனக்குத் தெரியுதும்மா. ஊருக்குத் தெரியோணுமல்ல?"

இதுதான் எனக்கு இன்றைக்கும் ஆறவில்லை. பெரியப்பாவுக்குத் தெரியாது, விடுங்கள். இவருக்குத் தெரியும். தெரிந்துகொண்டேதான் கதவைச் சாத்தினார்.

எனக்கு அந்தச் சின்ன வயதில் நடத்தை என்றால் நடக்கிற விதம். சித்தி நடப்பதில் என்ன குறை கண்டார்கள்? அவள் தண்ணீர்க் குழாய்க்குப் போகும்போதெல்லாம் பின்னாலேயே போய்க் கால்களை உற்றுப் பார்த்தேன். நொண்டவில்லை. சாய்வில்லை. செருப்பு கூட ஒரு பக்கமாகத் தேயவில்லை.

பேக்கரியில் நாலு பேர் அவளைப் பற்றிப் பேசிக்கொண்டு நின்றபோது என்னால் பொறுக்க முடியவில்லை. "எங்க சித்தி நடத்தையில ஒரு குறையுமில்ல! மேட்டுலயும் பள்ளத்துலயும் நேராத்தான் நடக்கும்! நானே பின்னாடி போயி பாத்தேன்!" என்று கத்தினேன்.

"ஆமா சாமி, பள்ளம் பாத்துத்தான் நடக்குதாமா!" என்றார் ஒருவர். இருமி இருமிச் சிரித்தார்கள். உள்ளே தட்டு இழுபட்டது. செவலை எழுந்து நின்றது. எச்சில் ஒழுகியது அந்த நாய்க்கு மட்டும் என்றுதான் அன்று நினைத்தேன்.

வீட்டுக்கு ஓடி வந்து சித்தியிடம் சொன்னேன். குனிந்து தன் கால்களைப் பார்த்தாள். பிறகு, "நேரா நடக்கறனா கண்ணு?" என்று கேட்டாள்.

"ரொம்ப நேரா நடக்கறே சித்தி."

மறுநாள் காலை ஃபேக்டரிச் சங்கு ஊதி, சாலை முழுக்க ஆட்கள் வேலைக்குப் போகிற நேரம். அப்பிச்சியும் ஃபேக்டரிக்குள் போயாகிவிட்டது. சித்தி தோளில் பையை மாட்டிக்கொண்டு வெளியே வந்தாள். தேயிலைக்குள் குறுக்குப் பாதை இருந்தது, யார் கண்ணிலும் படாமல் கோயமுத்தூர் பஸ் நிற்கும் இடத்துக்குப் போய்விடலாம். அவள் அதில் இறங்கவில்லை. நடுச்சாலையில், கூடையைத் தூக்கிய பெண்களுக்கு ஊடே, பேக்கரியைத் தாண்டி, தலையைக் குனியாமல் நடந்தாள். எல்லோரும் ஒதுங்கி நின்று பார்த்தார்கள்.

நான் வாசல் கேட்டின் மேல் ஏறி நின்று கை தட்டினேன். "பாத்துக்கங்க! எங்க சித்தி எப்படி நடக்குதுன்னு நல்லாப் பாத்துக்கங்க!"

வளைவில் ஒரே ஒரு தரம் திரும்பிப் பார்த்தாள். பிறகு மேகம் சாலையை மூடிக்கொண்டது. இவர்களுக்கெல்லாம் நடந்து காட்டியாகிவிட்டது, இனித் திரும்பி வந்துவிடுவாள் என்று அம்மா வந்து இறக்கும்வரை அந்தக் கேட்டிலேயே நின்றுகொண்டிருந்தேன்.