அம்மா முன் சீட்டில் ஏறிய நாள்

மாமாவின் பெயரைச் சொன்னால் எங்கள் ஊர் பண்டமாரானில் யாரும் என்மேல் கை வைக்க மாட்டார்கள். பள்ளியில் என் கலர் பென்சிலைப் பிடுங்கிய பையன் மறுநாளே ஒன்றுக்கு இரண்டாகத் திருப்பித் தந்தான். அம்மாவின் தம்பி குண்டர் கும்பலில் இருந்தது வீட்டில் எல்லோருக்கும் தெரியும். அதைப் பற்றிப் பேசாமல், அதன் சுகத்தை மட்டும் அனுபவித்தோம். கார் நிறுத்தும் தகராறில் அப்பாகூட, "என் மச்சான் யாரு தெரியுமா?" என்றுதான் ஆரம்பிப்பார்.

எனக்கு ஒன்பது வயது. ஒரு ஞாயிறு மத்தியானம் மாமாவின் குட்டிக் 'கஞ்சில்' கார் வாசலில் வந்து நின்றது. பதினாறு வயது அண்ணன் கறுப்புச் சட்டை போட்டு, தலைக்கு ஜெல் தடவித் தயாராக இருந்தான். தெலுக் பங்லிமா காராங் என்ற ஊரில் இன்னொரு கும்பலோடு ஏதோ பிரச்சினையாம்.

"சும்மா ஆள் கணக்குக்குத்தான்க்கா. பின்னால நின்னா போதும்லா," என்றார் மாமா.

சின்ன விஷயத்துக்கே ஊரைக் கூட்டுகிற அம்மா அன்று கத்தவில்லை. அடுப்பை அணைத்தாள். வீட்டைப் பூட்டினாள். என்னை இழுத்துக்கொண்டு போய்க் காரின் முன் சீட்டில் உட்கார்ந்து, மடியில் வைத்துக்கொண்டாள். அண்ணன் பின்னால் ஏறினான்.

"எறங்குக்கா. வெளையாடாத."

"முளைச்சு மூணு எல விடல, இவன் ஒனக்கு ஆள் கணக்கா? அவன் போற எடத்துக்கு நாங்களும் வரோம். வண்டிய எடு."

மாமா பல்லைக் கடித்துக்கொண்டு எடுத்தார். பாதி வழியில் அக்கா பயந்து இறங்கிவிடுவாள் என்று நினைத்திருப்பார். ஆனால் அம்மாவும் அதே வயிற்றில் பிறந்தவள்தானே.

என் காலுக்கடியில் துண்டில் சுற்றிய நீளமான ஒன்று இருந்தது. "இளநி வெட்டவா மாமா?" என்று கேட்டேன். திரும்பி அண்ணனைப் பார்த்தேன். ஜெல் வழிய வியர்த்துப்போயிருந்தான். மாமாவின் போன் அடித்துக்கொண்டே இருந்தது. அம்மாவின் கை என் வயிற்றை இறுக்கியதில் எனக்கு வலித்தது.

தொழிற்சாலைகள் வரத் தொடங்கின. ஒரு சிவப்பு விளக்கில் நின்றோம். அதற்கு அப்பால் நாலைந்து கார்களும் கறுப்புச் சட்டைகளும் தெரிந்தன. விளக்கு பச்சையானது. மாமா நகரவில்லை. பின்னாலிருந்த லோரி ஹார்ன் அடித்தது. அம்மா நேராகப் பார்த்துக்கொண்டிருந்தாள். மாமா என்னை ஒரு முறை பார்த்தார். பிறகு சட்டென்று வண்டியை வளைத்துத் திருப்பினார்.

கிள்ளானில் எங்களுக்குத் தேங்காய்ப்பாலில் ஐஸ் போட்ட செண்டோல் வாங்கிக் கொடுத்தார். அவர் குடிக்கவில்லை. நான் இன்னொரு கிண்ணம் கேட்டதற்கு அம்மா முறைத்தாள். உல்லாசப் பயணம் இப்படிப் பாதியில் முடிந்ததே என்று எனக்கு வருத்தம்.

அந்தத் தீபாவளிக்கு மாமா வலக்கையில் மாவுக்கட்டோடு வந்தார். மோட்டார் சைக்கிளிலிருந்து விழுந்துவிட்டாராம். சண்டைக்கு வராமல் போனதற்குக் கூட்டாளிகளே கையை உடைத்தார்கள் என்று அண்ணன் என்னிடம் சொன்னது, அவனுக்கே பிள்ளை பிறந்த பிறகுதான்.

தீபாவளியன்று அம்மா மாமாவைப் பக்கத்தில் உட்காரவைத்து, இட்டிலியை ஆட்டுக்கறிக் குழம்பில் பிசைந்து ஊட்டினாள். கண்ணைத் துடைத்துத் துடைத்து ஊட்டினாள். நல்ல கறித்துண்டெல்லாம் அவர் வாய்க்கே போனதில் எனக்கு ஆத்திரம்.

"மோட்டார் ஓட்டத் தெரியாதவருக்கு எதுக்கு இவ்ளோ கவனிப்பு?" என்றேன்.

மாமா சிரித்தார். அண்ணன் தட்டை அப்படியே வைத்துவிட்டு எழுந்து போனான். அவனுக்கும் கறி கிடைக்கவில்லை போலிருக்கிறது என்று நினைத்துக்கொண்டேன்.