வலது கையைத் துடைத்த நாள்

1. பேசாத மேடம்

விவேக் நகரில் மெஹந்தி வேலைக்குச் சேர்ந்த முதல் நாள், ஷபானா அக்கா என் முன்னால் இரண்டு சிலிகான் கைகளை வைத்தார். ஒன்று வலது, ஒன்று இடது. நகம், ரேகை எல்லாம் இருந்தன. ஆள் மட்டும் இல்லை.

"மூணு மாசம் இதுல போடு. அப்புறம்தான் நிஜக் கை."

நான் வலது கையைப் பிடித்துக் குலுக்கினேன். "வணக்கம் மேடம். நான் பிரபு, மர்பி டவுன். பத்தாவது ஃபெயில், அதுவும் ரெண்டு தடவை."

எதிரே கோன் மடித்துக்கொண்டிருந்த பெண் சிரிக்காமல் சொன்னாள்: "அந்த மேடம் பேச மாட்டாங்க. அதனாலதான் உன்னை அவங்ககிட்ட உட்கார வெச்சிருக்காங்க."

அவள்தான் ஜோதி. ஹெப்பகோடியிலிருந்து இரண்டு பஸ் மாறி வருகிறவள். எனக்கு ஆறு மாதம் சீனியர்.

புதிதாகப் பழகுகிறவர்களுக்கு ஒன்று சொல்கிறேன். சிலிகான் கை கூசாது, வியர்க்காது, பாதியில் போன் எடுக்காது. நிஜக் கை இதையெல்லாம் செய்யும். ஆனால் சிலிகானில் தப்பு செய்தால் ஈரத்துணியால் ஒரே இழுப்பு, பழையபடி வெறும் கை. போட்ட பத்து நிமிடத்துக்குள் துடைக்க வேண்டும், இல்லையென்றால் கறை பிடிக்கும். இது அக்காவின் சட்டம்.

2. பெயரை ஒளிப்பது

மணப்பெண் கையில் டிசைனுக்குள் மாப்பிள்ளை பெயரை ஒளித்து எழுதுவோம். கல்யாணம் முடிந்ததும் அவர் தேடிக் கண்டுபிடிக்க வேண்டும். இதில் நான் கில்லாடி. மாங்காய்க்குள் ஒரு எழுத்து, கொடி வளைவில் ஒரு எழுத்து. என்னிடம் தோற்ற மாப்பிள்ளைகள் நிறைய.

ஜோதியும் நானும் இதையே விளையாட்டாக்கினோம். தினமும் காலையில் அவள் வலது கையில் ஒன்றை ஒளிப்பாள், நான் இடது கையில். மாற்றிக்கொண்டு தேடுவோம். அவள் ஷபானா அக்காவின் பூனை பெயரை ஒளிப்பாள். நான் அவள் தவறவிட்ட பஸ் நம்பரை ஒளிப்பேன். பத்து நிமிடம் தேடல், பிறகு துணி.

ஒரு வருடம் இப்படியே போனது. அப்புறம் அவளுக்கு மஸ்கட்டில் ஒரு பார்லரில் வேலை கிடைத்தது.

"ரெண்டு வருஷம் காண்ட்ராக்ட்" என்றாள்.

"போ, போ. ஒட்டகத்துக்கெல்லாம் நல்லா போட்டு விடு. அதுங்க கையை ஆட்டாது."

"எல்லாமே ஜோக்குதானா உனக்கு?"

அன்று சாயங்காலம் பஸ் ஸ்டாப் வரை கூடவே நடந்தேன். பஸ் திரும்புவது தெரிந்ததும் வாயிலிருந்து வந்துவிட்டது: "போகாதன்னு சொன்னா இருப்பியா?"

"இதுவும் ஜோக்கா?"

"இல்ல."

பஸ் வந்து நின்றது. "நாளைக்குச் சொல்றேன்" என்று ஏறிவிட்டாள்.

3. மறுநாள்

அல்சூர் டிராஃபிக்கில் மாட்டி அரை மணி நேரம் லேட். ஜோதி பாஸ்போர்ட் ஜெராக்ஸ் எடுக்கப் போயிருந்தாள். மேஜையில் வலது கை, விரல் நுனி வரை டிசைனோடு இருந்தது. வாசலில் புது பேட்ச் பெண்கள் எட்டுப் பேர்.

"அரே பிரபு, ஜல்தி! கையைத் துடைச்சு வை, கிளாஸ் ஆரம்பிக்கணும்!" என்று அக்கா கத்தினார்.

துடைத்தேன். ஒரே இழுப்பு. என் கண் வாசலில் இருந்தது. அவள் வந்து என்ன சொல்லப் போகிறாளோ என்று அந்தப் பக்கமே பார்த்துக்கொண்டிருந்தேன்.

ஜோதி உள்ளே வந்தாள். வெறும் கையைப் பார்த்தாள்.

"துடைச்சிட்டியா?"

"ஆமா. கோடு கோணலா இருந்துச்சு. ஒட்டகம் கோவிச்சுக்கும்."

"பாத்துட்டு துடைச்சியா, பாக்காமயா?"

"உன் டிசைன்ல பாக்க என்ன இருக்கு?"

"சரி" என்றாள். ஜெராக்ஸைப் பைக்குள் வைத்துவிட்டு, புதுப் பெண்களுக்குக் கோன் மடிக்கச் சொல்லிக் கொடுக்கப் போனாள். அதுதான் அவளுக்கு அங்கே கடைசி நாள்.

சாயங்காலம் பஸ் ஸ்டாப்பில் கேட்டேன்: "இன்னைக்குச் சொல்றேன்னியே?"

"சொல்லிட்டேன்" என்றாள். பஸ் வந்துவிட்டது.

எனக்கு அப்போதும் புரியவில்லை. மூன்று வாரம் கழித்து ஒரு மணப்பெண், நான் போட்டு முடித்த கையை வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்தபடி, "அண்ணா, பேரை எங்க ஒளிச்சீங்க?" என்று கேட்டாள். அப்போதுதான் நான் பார்க்காமல் துடைத்த அந்த வலது கை ஞாபகம் வந்தது.

அன்றே ஜோதிக்கு மெசேஜ் போட்டேன்: "அந்தக் கையில என்ன எழுதியிருந்த?"

மறுநாள் பதில் வந்தது: "கோடு கோணலா இருந்துச்சுன்னு சொன்னியே."

இப்போது புது பேட்சுக்கு நான்தான் பயிற்சி கொடுக்கிறேன். பத்து நிமிடத்தில் துடைக்க வேண்டும் என்பது அக்காவின் சட்டம். என் சட்டம் இன்னொன்று: அடுத்தவர் போட்டதைத் துடைப்பதற்கு முன்னால் வெளிச்சத்தில் ஒருமுறை திருப்பிப் பாருங்கள். பெண்கள் சிரிக்கிறார்கள். சிரிக்கட்டும்.

அவள் காண்ட்ராக்ட் முடிய இன்னும் பதினோரு மாதம். அந்த வலது கையின் சுண்டு விரல் உட்பக்கம் லேசாக ஒரு ஆரஞ்சுக் கறை இருக்கிறது. அவள் எழுத்தாக இருக்கலாம், எந்தப் புதுப் பெண்ணின் தப்பாகவும் இருக்கலாம். தினமும் முழுக் கையையும் துடைக்கிறேன். அந்த இடத்தை மட்டும் சுற்றிக்கொண்டு போகிறேன்.