இருபத்தைந்தாவது ஆட்டம்

மற்ற வியாபாரங்களில் சாமான் வாய் திறக்காது, பந்தடிகாரருக்குக் கழகம் பிடித்துக் கொடுக்கிற தொழிலில் மட்டும் சாமானே காலையில் போன் எடுத்து, "என்னை வித்தாச்சோ?" என்று கேட்கும். நான் பாரிஸில் மீன் விற்றவன். ஜெர்மனியில் வுப்பர்டாலுக்கு வந்து பழைய கார் விற்றவன், போன் கார்ட் விற்றவன். ஒரு நெத்தலிகூட என்னை இப்படிக் கேட்டதில்லை. அடுத்தவனுக்காக வாயைக் கொடுத்து வாங்கிக் கட்டிக்கொண்டவர்கள் உங்களிலும் இருப்பீர்கள். ஆருக்காவது வேலை எடுத்துக் கொடுத்திருப்பீர்கள், கலியாணம் பேசியிருப்பீர்கள். உங்களுக்குத்தான் இதை எழுதுகிறேன். மற்றவர்களுக்கு விளங்காது.

ஐரோக் காசு வந்த புதிது. பிரெஞ்சுக்காரன் என்றாலே காலில் பந்தோடு பிறந்தவன் என்று ஜெர்மன்காரர் நம்பியிருந்த நேரம். பாரிஸில் என் கடைக்கு மீன் இறக்கித் தந்த மனிசனின் மகன் பாஸ்கல். கோல் அடிப்பதுதான் அவன் தொழில். பிரான்ஸில் இரண்டாம் பிரிவு வரைக்கும் ஆடி, கழகம் கைவிட்டு, முப்பது வயதில் மனைவியும் சின்ன மகளுமாக என்னிடம் வந்து சேர்ந்தான். எனக்குப் பிரெஞ்சும் வரும், ஜெர்மனும் வரும். கையெழுத்து வைக்க ஒரு ஜெர்மன் வக்கீலைப் பிடித்தேன், வாய் என்னுடையது. என் வீட்டில் கேட்டுப் பழகி அவன் என்னை 'அண்ணை' என்றுதான் கூப்பிடுவான். மிச்சமெல்லாம் பிரெஞ்சுதான். அதை நான் என் தமிழில் எழுதுகிறேன்.

உறைந்த மைதானம்

ரூர் பக்கத்தில் ஒரு மூன்றாம் பிரிவுக் கழகம். பாஸ்கலை ஒரு நாள் தங்கள் ஆட்களோடு ஆடவிட்டுப் பார்க்கச் சம்மதித்தார்கள். மாசி மாதம், மைதானம் சீமெந்துத் தரை மாதிரி இறுகிக் கிடந்தது. என் ஆள் கையுறையைக் கழற்றி என்னிடம் தந்துவிட்டு இறங்கினான். இடது காலால் ஒன்று, தலையால் ஒன்று, பிறகு கோல் கீப்பரைச் சுற்றிக்கொண்டு போய் ஒன்று. நான் வேலிக்கு வெளியே நின்று மனதுக்குள் விலையை ஏற்றிக்கொண்டே போனேன்.

கழகத்தின் மேலாளர் கெஸ்லர் என்னருகில் தேத்தண்ணிக் கோப்பையோடு நின்றார். மெலிந்த, சத்தம் போடாத மனிசன். நான் அவரைத் திரும்பிப் பார்த்தேன், எப்படி என்கிற மாதிரி. அவர் ஒரு மிடறு குடித்துவிட்டுச் சொன்னார்: "நல்லா அடிக்கிறார். ஆனால் அந்தக் கோல் கீப்பர் எங்களுடைய ஆள் இல்லை, எங்களுக்கு இறைச்சி கொண்டுவாற ஆள்."

மழையில் வந்த மனிசன்

ஆனாலும் எடுத்தார்கள். நான் இரண்டு வருட ஒப்பந்தம் கேட்டேன். கெஸ்லர் ஒரு வருடத்துக்கு மேல் ஏலாது என்றார். அப்படியென்றால் ஒரு வசனம் எழுதுங்கோ என்றேன்: வருகிற பருவத்தில் இத்தனை ஆட்டத்தில் இறங்கினால் அடுத்த வருட ஒப்பந்தமும் தானாகவே இவனுக்கு. சரி என்று முப்பது ஆட்டம் கேட்டார். நான் இருபதில் நின்றேன். அவரும் அசையவில்லை, நானும் அசையவில்லை.

மீன் சந்தையில் என்ன செய்வோம்? எழும்பி நடப்போம். பாஸ்கலின் முழங்கையைப் பிடித்துக்கொண்டு நடந்தேன். இவங்கள் பின்னாலை வந்து கூப்பிடுற சாதி இல்லை அண்ணை என்று படி முழுக்க அழாக்குறையாகச் சொல்லிக்கொண்டே வந்தான். பேசாமல் வாடா என்றேன். காரைத் திறந்தேன், மெதுவாக ஏறினேன், மெதுவாக ஸ்டார்ட் பண்ணினேன். அப்போது கொட்டுகிற மழையில், தலைக்கு மேல் ஃபைலைப் பிடித்தபடி கெஸ்லர் வந்தார். இருபத்தைந்து என்றார். ஜெர்மன்காரனை மழையில் நடக்க வைத்த தமிழன் நான்தான் என்று அன்றைக்கு நெஞ்சு நிமிர்ந்தது. கையெழுத்துப் போடும்போது, முந்தி என்ன தொழில் செய்தனீங்கள் என்று கேட்டார். மீன் விற்றேன் என்றேன். பேனையை மூடிச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு சொன்னார்: "அப்படியோ. நான் காப்புறுதி வித்தனான்."

திருவிழாவில் ஒரு விசாரணை

ஆனியில் ஊன்ட்றொப் கோயிலில் அம்மன் தேர். பருவம் தொடங்கமுதல் ஆளைக் கூட்டிக்கொண்டு போங்கோ என்று என் மனைவி சொல்லிவிட்டா. பாஸ்கல் வேட்டி கட்டி, வெறுங்காலோடு வெயிலில் வடம் பிடித்தான். மகளைத் தோளில் வைத்திருந்தான். பிள்ளை அடுத்த வருடம் பள்ளிக்கூடம் தொடங்க வேண்டும், அதற்குள் மூன்று ஊர் மாறிவிட்டது, இனி ஓர் இடத்தில் நிற்க வேணும் என்று அம்மனிடம் கேட்டானாம். கோல் கேட்கவில்லையா என்று கேட்டேன். அது நான் அடிப்பன் என்றான்.

கச்சான் கடலை வாங்க நின்ற இடத்தில் தவம் அண்ணை பிடித்துக்கொண்டார். எங்களூர்த் தமிழ் விளையாட்டுக் கழகத்தை நடத்துகிறவர். ஆர் இந்தப் பொடியன், என்ன வேலை என்று விசாரித்தார். பெருமையாகச் சொன்னேன். மூன்றாம் பிரிவு, ஒப்பந்தம், என்னுடைய வசனம், எல்லாம். முழுவதும் கேட்டுவிட்டுப் பாஸ்கலின் கால்களைக் குனிந்து பார்த்தார். "அது சரி தம்பி, பந்தடிக்கிறார். ஆளிட்டை கைத்தொழில் ஒண்டு படிச்ச ஆவுஸ்பில்டுங் கடதாசி இருக்கோ?"

திடீர்க் களைப்பு

இலையுதிர் காலம் முழுக்க அடித்தான். மழையிலும் அடித்தான், முழங்காலில் கட்டோடும் அடித்தான். அரங்கில் நிற்கிற ஆக்கள் அவன் பெயரைப் பாட்டாகப் பாடினார்கள். வசந்தம் வந்தபோது கழகம் மேல் பிரிவுக்கு ஏறுகிற இடத்தில் நின்றது, பாஸ்கல் இருபத்தி நாலு ஆட்டம் முடித்திருந்தான். அடுத்த சனிக்கிழமை அவனை ஆட இறக்காமல் ஓரத்து வாங்கில் இருத்தினார்கள். களைப்பு என்றார்கள். அதற்கடுத்த கிழமை தந்திரோபாயம். அதற்கடுத்த கிழமை ஒரு காரணமும் சொல்லவில்லை. கழகம் தோற்றது, சமன் செய்தது, திரும்பவும் தோற்றது. அவன் போர்வையைக் காலில் போட்டுக்கொண்டு வாங்கில் இருந்தான்.

எனக்கு வருகிற கோபம் உங்களுக்குத் தெரியாது. பயிற்சியாளரை உடைமாற்றும் அறை வாசலில் மறித்துப் பிடித்தேன். ஜெர்மனில் கத்தினேன், ஜெர்மன் முடிந்ததும் தமிழில் கத்தினேன். நல்ல மனிசன், நிலத்தைப் பார்த்துக்கொண்டு நின்றார். கடைசியில் மெல்லிய குரலில் சொன்னார்: "அவரிலை ஒரு பிழையும் இல்லை. இன்னும் ஒரு மட்ச் ஆடினால்தான் பிழை."

அழிக்கச் சொல்லி ஒரு பேரம்

பிறகென்ன, கெஸ்லரிடம் போனேன். மழையில் அவரை நடக்க வைத்து வாங்கிய வசனத்தை அழிக்கச் சொல்லி அவரிடமே கேட்கப் போனேன். இப்படி ஒரு பேரத்துக்கு என் வாழ்க்கையில் நான் போனதில்லை. அழித்துவிட்டால் பாஸ்கல் ஆடலாம். ஆடினால் வேறு கழகங்களின் கண்ணில் படலாம். கெஸ்லர் ஒரு சொல் மறுத்துப் பேசவில்லை. கடதாசியை ஏற்கனவே டைப் அடித்து வைத்திருந்தார்.

காருக்குள் பாஸ்கலிடம் கொடுத்தேன், பேனையும் கொடுத்தேன். நெடுநேரம் வாசித்தான். அவனுக்கு ஜெர்மன் வாசிக்கத் தெரியாது, சும்மா பார்த்துக்கொண்டிருந்தான். நான் விளங்கப்படுத்தினேன், பிறகு ஏசினேன், பிறகு கெஞ்சினேன். கடதாசியை மடித்து என் மடியில் வைத்தான். "அழிச்சால் மிச்ச மட்ச் எல்லாம் ஆடுவன், பிறகு தெருவிலை. அழிக்காட்டில் ஒரேயொரு மட்ச் காணும் அண்ணை, என்ரை பிள்ளை இங்கையே பள்ளிக்கூடம் போகும்."

கடைசிச் சனிக்கிழமை

கடைசி ஆட்டம். வென்றால் மேல் பிரிவு. முதல் பாதியிலேயே கழகத்தில் கோல் அடிக்கிற மற்றவன் கணுக்காலைப் பிடித்துக்கொண்டு வெளியே வந்தான். எதிர்ப்பக்கம் ஒரு கோல் முன்னுக்கு. வாங்கில் கோல் அடிக்கத் தெரிந்தவன் பாஸ்கல் ஒருவன்தான். பயிற்சியாளர் கையைக் காட்டினார். பாஸ்கல் எழும்பி ஓரக் கோட்டில் உடம்பைச் சூடாக்க ஓடத் தொடங்கினான். அரங்கம் முழுக்க அவன் பாட்டு. நான் பக்கத்தில் நின்ற முன்பின் தெரியாத ஜெர்மன்காரரைக் கட்டிப்பிடித்தேன்.

அப்போதுதான் மேலேயிருந்து கெஸ்லர் இறங்கி வந்தார். பயிற்சியாளரின் பின்னால் போய்க் கையைக் கட்டிக்கொண்டு நின்றார். பாஸ்கல் கொடிக்கம்பம் வரைக்கும் ஓடினான், திரும்பி வந்தான், திரும்பவும் ஓடினான். அவனுக்குப் பதிலாக முன்னுக்கு அனுப்பப்பட்டவன் தடுத்தாடுகிற ஒரு நெட்டையன். வந்த பந்தையெல்லாம் அவன் கூட்டத்துக்குள் அடித்தான். விசில் ஊதியபோது கழகம் தோற்றிருந்தது, பாஸ்கல் இன்னும் ஓடிக்கொண்டிருந்தான். கார் தரிப்பிடத்தில் வியர்வை சொட்ட என்னிடம் வந்து சொன்னான்: "இண்டைக்கு எல்லாரையும் விட நான்தான் கூட ஓடினனான், அண்ணை."

தமிழர் கிண்ணம்

ஒப்பந்தம் முடிந்தது. மற்றக் கழகங்களுக்கு நான் எடுக்காத போன் இல்லை. ஆடாமல் வாங்கில் இருந்தவன் என்றால் காலில் ஏதோ கோளாறு என்றுதான் நினைக்கிறார்கள். அவன் மனைவியும் பிள்ளையும் பாரிஸுக்குத் தாய் வீட்டுக்குப் போய்விட்டார்கள். அவன் காலையில் போன் எடுப்பதையும் நிறுத்திவிட்டான். அதுதான் எனக்குப் பெரிய பயமாக இருந்தது.

ஆடியில் தமிழ்க் கழகங்களின் சுற்றுப்போட்டி. கொத்துரொட்டியாவது சாப்பிடட்டும் என்று கூட்டிக்கொண்டு போனேன். தவம் அண்ணையின் அணியில் ஓர் ஆள் குறைவு. சப்பாத்தைப் போடச் சொன்னார். எதிரணி உடனே மறித்தது. தமிழர்தான் ஆடலாம், அதுதான் விதி. நான் விடுவேனா? பாரிஸில் எங்களோடு சோறு தின்றவன் என்றேன், அம்மன் தேர் இழுத்தவன் என்றேன். அவர்கள் ஏலாது என்று நின்றார்கள். எழும்பி நடக்கவும் எனக்கு மனம் வரவில்லை, அவங்கள் கூப்பிடாவிட்டால் என்ன செய்வது? கடைசியில் அவர்களுடைய தலைவன் மனமிரங்கினான், கடைசிப் பத்து நிமிடம் மட்டும் இறக்குங்கோ என்று.

இறங்கினான். முதல் பந்தையே நெஞ்சில் வாங்கி, இடது காலால் திருப்பி அடித்தான். கோல் கம்பத்துக்கு வலை இல்லை. பந்து போய்க் கொத்துரொட்டிக் கடை மேசைக்குக் கீழே நின்றது. மறித்த ஆக்களே கை தட்டினார்கள். பாஸ்கல் கை தூக்கவில்லை, சிரிக்கவும் இல்லை. ஓரக் கோட்டுக்கு வந்து என் முகத்தைப் பார்த்துக் கேட்டான்: "இது கணக்கிலை சேருமோ, அண்ணை?"

இருபத்தைந்துக்குப் பேசி வென்றவன் நான், இருபத்தி நாலில் நின்று போனவன் அவன்.