சிதம்பரத்தில் நான்கு சுற்று

மார்கழி ஞாயிறு, காலை 4.20. கடலூர் முதுநகரில் பேருந்து ஏறினேன். சிதம்பரம் நாற்பது கிலோமீட்டர். டிக்கெட் முப்பத்திரண்டு ரூபாய். என் அரைக்கால் சட்டையைக் கண்டக்டர் ஏற இறங்கப் பார்த்தார்.

"இதோடவா கோயிலுக்கு?"

"இல்ல சார், ஓடப் போறேன்."

"எதுக்கு? அதான் பஸ்ஸு போவுதே!"

ஓடுவதற்காக ஏன் இவ்வளவு தூரம் என்று சொல்ல எனக்கு வெட்கம். நான் மாவு மில் வைத்திருக்கிறேன், வயது நாற்பத்தெட்டு. ஆஸ்துமா உண்டு, பனிக்காலத்தில் அதிகம். மெதுவாக ஓடிப் பழகச் சொன்னவர் டாக்டர்தான். எங்கள் தெருமுனை டீக்கடையில் விடியற்காலைக் குளிருக்கு அட்டைப்பெட்டி, பிளாஸ்டிக் எல்லாம் போட்டுக் கொளுத்துவார்கள். அந்தப் புகையில் நெஞ்சு இறுகிவிடும். கடைக்கார ரவி எனக்கு மச்சான் முறை. "இன்னா மாமா, யாரு தொரத்துறா?" என்பான், கடையே சிரிக்கும். புகையைப் பற்றிச் சொல்ல எனக்கு வாய் வந்ததில்லை. ஆகவே வாரம் ஒரு நாள், என்னைத் தெரியாத ஊருக்குப் போய்விடுகிறேன்.

ஆலப்பாக்கம், புதுச்சத்திரம் எதுவும் பனியில் தெரியவில்லை. வெள்ளாற்றுப் பாலத்தில் மட்டும் குளிர்ந்த காற்று முகத்தில் அடித்தது.

5.50. கோயிலைச் சுற்றியுள்ள நான்கு தேர் வீதிகளும் சேர்ந்து இரண்டு கிலோமீட்டருக்குச் சற்று மேல். போன பனிக்காலத்தில் இரண்டு சுற்றோடு மூச்சு இழுத்துக்கொண்டு வீடு திரும்பினேன். இந்த முறை நான்கு முடிக்க வேண்டும். டாக்டர் சொன்னபடி ஓடுமுன் இன்ஹேலரை அடித்துக்கொண்டேன், சுவரைப் பார்த்துத் திரும்பி நின்று. மனிதர் எதிரில் நான் அதை எடுத்ததே இல்லை.

தெற்கு வீதியில் தொடங்கினேன். பக்கத்து வாசலில் ஸ்வெட்டர் போட்ட ஓர் அம்மா கோலப்புள்ளி வைத்துக்கொண்டிருந்தார். இரண்டாம் சுற்றுக்கு வந்தபோது கோடுகள் சேர்ந்திருந்தன. மூன்றாம் சுற்று முடியும்போது அவர் வண்ணப்பொடி தூவிக்கொண்டிருந்தார். என் நெஞ்சில் விசில் சத்தம் கேட்டது. அங்கே நின்ற ஆட்டோவுக்குப் பின்னால் ஒளிந்து மருந்தை உறிஞ்சி, மூச்சை விட்டேன்.

"யாருய்யா அது? மார்கழி மாசம் அதுவுமா, கோலத்துக்கிட்ட நின்னு பீடி குடிக்கிறது!"

பனியில் என் மூச்சு புகைபோலத் தெரிந்திருக்கிறது. பேச முடியவில்லை. நீல நிற இன்ஹேலரை உள்ளங்கையில் வைத்துக் காட்டினேன்.

"அடக் கடவுளே, பம்பா? இதுக்கா ஒளியறீங்க? எங்க வூட்டுக்காரரு பேனா மாரி சட்டப் பையில சொருவிக்கிட்டு கல்யாணத்துக்கே போவாரு!" என்றவர் உள்ளே பார்த்துக் குரல் கொடுத்தார்: "ஏங்க, உங்க கட்சிக்காரரு ஒருத்தரு வந்திருக்காரு!"

மப்ளர் சுற்றிய ஒருவர் பிளாஸ்டிக் நாற்காலியும் வெந்நீரும் கொண்டுவந்தார். அவர் சட்டைப் பையிலும் அதே நீலம்.

"நிமுந்து ஒக்காருங்க சார். அவசரப்படாம வாயக் குவிச்சி விடுங்க."

கால் மணி நேரத்தில் விசில் அடங்கியது. இன்னும் ஒரு சுற்று பாக்கி என்றேன்.

"ஓட வேணாம். நடந்தா சுத்து கொறஞ்சிடுமா? நானும் வரேன். அதுக்குள்ள பொங்கல் வெந்துடும்."

7.10. இருவரும் நடந்தோம். வடக்கு வீதியில் கேட்டேன்: "யாராவது பொக போட்டா நீங்க இன்னா சார் பண்ணுவீங்க?"

"அணைங்கன்னு சொல்லுவேன்."

"சிரிச்சாங்கன்னா?"

"சிரிச்சிட்டு அணைப்பாங்க."

நான்காம் சுற்று கோலத்தருகே முடிந்தது. அதில் தாமரை முழுதாகப் பூத்திருந்தது. பெயர்கூடத் தெரியாத என்னை உட்காரவைத்து அந்த அம்மா வெண்பொங்கல் பரிமாறினார். "அடுத்த ஞாயித்துக்கெழம நாற்காலிய வெளியவே போட்டு வைக்கிறேன்" என்றார். ஒன்பது மணிப் பேருந்தில் திரும்பினேன்.

திங்கள் காலை 5.30, முதுநகர். டீக்கடையில் தீ எரிந்தது.

"இன்னா மாமா, யாரு தொரத்துறா?"

"பொகதான் மச்சான் தொரத்துது," என்றேன். எல்லோரும் பார்க்க இன்ஹேலரை எடுத்து உறிஞ்சினேன். இருவர் சிரித்தார்கள். ரவி சிரிக்கவில்லை.

"இத மொதல்லியே சொல்றதுக்கு இன்னா மாமா?" கிளாஸ் கழுவும் வாளியைத் தூக்கித் தீயில் ஊற்றினான்.

புகை அடங்கும்வரை தள்ளி நின்று, உப்பனாற்றுப் பாலம்வரை ஓடித் திரும்பினேன். டிக்கெட் செலவு இல்லை. ஆனாலும் ஞாயிற்றுக்கிழமை 4.20 பேருந்தில் போவேன். என் மில்லில் அரைத்த பச்சரிசி மாவு இரண்டு கிலோ கட்டி வைத்திருக்கிறேன், அந்த அம்மாவின் கோலத்துக்கு.