நான்கு இறக்கைகள் நின்ற வெள்ளிக்கிழமை

ஐந்தாம் வகுப்புக்கு மேல் பள்ளிக்கூட வாசலை மிதிக்காதவன் நான். இருந்தும் இன்று பாபநாசத்திலிருந்து நாகூர் வரைக்கும் என் பட்டறையில் செம்புக் கம்பி சுற்றிக் காயில் கட்டிய மோட்டார் ஓடாத ஊர் கிடையாது. காலேஜ் முடித்த பையன்கள் சக்கரத்தின் வேகம் பார்க்க மீட்டரைத் தூக்கிக்கொண்டு வருகிறார்கள். நான் பத்து வயதில் மீட்டரே இல்லாமல் பார்த்தவன்.

அப்போது கூத்தாநல்லூரில் இருந்தோம். என்னைப் பெற்ற அத்தா அங்கே ஒரு ரைஸ் மில்லில் என்ஜின் டிரைவர். அவருடைய வலது கையை நம்பி வீட்டில் ஆறு வயிறு. சிங்கப்பூரில் வேலை பார்த்த மாமா, அம்மாவின் தம்பி, அந்தத் தடவை வரும்போது ஒரு பொம்மை ஹெலிகாப்டர் கொண்டுவந்தார். பொம்மை என்றால் கிலுகிலுப்பை இல்லை. ஒரு முழத்துக்கு மேல் நீளமான இரண்டு மர இறக்கைகள், நிஜ என்ஜின், ஓட்டுவதற்கு ஒரு ரேடியோப் பெட்டி.

முதல் நாள் அறுத்த வயலில் வைத்துப் பார்த்தார். உறுமியது, ஆடியது, எழும்பவில்லை.

"மாப்ள, இந்தக் காசுக்கு ஒரு சேவல் வாங்கியிருந்தா அதுகூட கூரை வரைக்கும் பறந்திருக்கும்" என்றார் அத்தா. ஊரே சிரித்தது.

மாமாவுக்கு ரோஷம் வந்துவிட்டது. இறக்கை நிமிஷத்துக்கு ஆயிரத்து ஐந்நூறு சுற்று சுற்ற வேண்டும் என்று கூட வந்த புத்தகத்தில் போட்டிருந்ததாம். அதை அளக்கும் மீட்டர் அவரிடம் இல்லை. வெள்ளிக்கிழமை மில்லுக்கு விடுமுறை. அத்தாவிடம் கேட்காமல் சாவியை எடுத்தார். குடோன் கதவுகளைச் சாத்தி, ஹெலிகாப்டரின் கால்களை இரண்டு நெல் மூட்டைகளோடு கட்டினார். காற்றைத் தள்ளாதபடி இறக்கைகளைத் தட்டையாக வைத்தார். எட்டடி தள்ளிச் சாக்பீஸால் கோடு கிழித்தார். குடோன் டியூப் லைட்டைப் போட்டு, அதன் சுவிட்சருகே என்னை நிறுத்தினார்.

"கோட்டைத் தாண்டினே, தோலை உரிச்சுப்புடுவேன். டியூப் லைட்டு செகண்டுக்கு நூறு தடவை மங்கி எரியுதுடா மருமவனே, நம்ம கண்ணுக்குத் தெரியாது. சுத்து சரியா வந்தா, றெக்கை நாலாட்டம் அப்படியே நின்னாப்ல தெரியும். தெரிஞ்சதும் கையைத் தூக்கு."

எனக்கு நூறும் புரியவில்லை, நாலும் புரியவில்லை. ஆனால் கண் கூர்மை. என்ஜின் அலறியது. அதன் எரிபொருளில் கலந்திருந்த ஆமணக்கெண்ணெய் கருகும் வாடை. கலங்கிய வட்டம் மெல்லத் தெளிந்து, சாம்பல் நிறத்தில் நான்கு இறக்கைகள் அந்தரத்தில் நின்றன. கையைத் தூக்கினேன்.

அந்த நேரம் பார்த்து, தொழுகை முடிந்து வந்த அத்தா என்ஜின் அறைப் பக்கத்துச் சிறிய கதவு வழியாக நுழைந்தார்.

"யாரைக் கேட்டு மில்லைத் தொறந்தீங்க? மொதலாளிக்குத் தெரிஞ்சா என் வேலை போயிரும்!"

அவர் மில்காரர். மில்லில் என்ஜின் ஓடும்போதே பெல்ட்டைச் சும்மா சுற்றும் சக்கரத்துக்குத் தள்ளிவிட்டால் அரவை நின்றுவிடும், சத்தம் மட்டும் இருக்கும். தினம் பத்துத் தடவை அவர் செய்கிற வேலை அது. இதுவும் அப்படித்தான் என்று எண்ணிவிட்டார். கோட்டைத் தாண்டிப் போய், நின்ற இறக்கை ஒன்றைப் பிடித்துத் தூக்க வலது கையை நீட்டினார்.

மாமா கத்தியது என்ஜின் சத்தத்தில் அமுங்கியது. என்னைப் பார்த்துச் சுவிட்சைக் காட்டினார். தட்டினேன்.

கூரைத் துவாரத்து வெளிச்சத்தில் நான்கு இறக்கைகளும் காணாமல் போயின. அந்த இடத்தில் ஒரு தாம்பாளம் போலச் சுழல் ஒன்று தெரிந்தது. அத்தா பின்னால் துள்ளி, சுவரோரம் அடுக்கியிருந்த நெல் மூட்டைமேல் விழுந்தார்.

என்ஜின் அடங்கியதும் எழுந்து வந்து என்னை ஓர் அறை விட்டார்.

"லைட்டை ஏண்டா அணைச்சே? கை போயிருக்குமேடா!"

"மச்சான், அது மொதல்லேர்ந்தே..."

"நீ பேசாத மாப்ள."

நான் அழவில்லை. அறை நியாயம் என்றே பட்டது. என் கணக்கில், இறக்கைகளைப் பிடித்து நிறுத்தியிருந்தது லைட்டுதான். நான் தட்டியதும் அது பிடியை விட்டது, இறக்கைகள் மறுபடி ஓடின. பெற்ற தகப்பன் கையை வெட்டப் பார்த்தவன் நான்.

அந்த வாரம் முழுக்க அத்தா சோறு பிசையும்போதெல்லாம் அவர் விரல்களை எண்ணினேன்.

"என்னடா பாக்குறே?"

"ஒண்ணுமில்லத்தா."

ஐந்தும் இருந்தன. அவை மிஞ்சியதே என்னால்தான் என்று அப்போது தெரியாது. தெரிந்திருந்தால் அன்றே ஊர் முழுக்கச் சொல்லித் திரிந்திருப்பேன்.